எழுபதில் வரும் உதறல்

எங்கள் பழைய பிக்கப் உதற ஆரம்பித்தபோது முதலில் ரோட்டைத்தான் குறை சொன்னேன். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. பிறகு, புதிதாகத் தார் போட்டு வெள்ளைக்கோடுகூட இன்னும் போடாத ரோட்டிலும் அதே இடத்தில் உதறியது. அதே இடம் என்று நான் சொல்வது ஸ்பீடோமீட்டரில். முள் 65-க்கும் 75-க்கும் நடுவில் நிற்கும்போது, சமதளத்தில், ஆக்சிலரேட்டரைச் சும்மா தொட்டுக்கொண்டு போனால், இருக்கைக்கு அடியில் யாரோ டர்ர்ர் என்று ரம்பம் இழுப்பது போல இருக்கும். தூங்கும் ஓட்டுநரை எழுப்புவதற்காக ரோட்டோரத்தில் வரிவரியாகப் பள்ளம் வைத்திருப்பார்களே, அதில் டயர் ஏறினால் எப்படியோ அப்படி. இரண்டு மூன்று விநாடிதான். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். வண்டி எடுத்த முதல் கால் மணி நேரத்தில் வரவே வராது. எல்லாம் சூடான பிறகுதான் வரும்.

வண்டிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர ஓட்டம். ஓடியது 2,60,000 கி.மீ. இந்த மூன்று வரியைக் கேட்டவுடனேயே ஒரு பட்டறையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "கியர்பாக்ஸ் போச்சுண்ணே. இறக்கித்தான் பாக்கணும்." அவர் வண்டியில் ஏறவில்லை, எண்ணெய் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கவில்லை. அவர் சொன்னது சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் உதறல் என்பது ஓர் அறிகுறி. காய்ச்சல் என்று போய் நின்றவனிடம் நுரையீரலை மாற்றணும் என்று சொன்னால் எப்படியோ, எனக்கு அப்படி இருந்தது. சரி, நாமே கொஞ்சம் பார்ப்போம் என்று திரும்பிவிட்டேன்.

பின்சக்கர வண்டியில் உதறல் பிறக்க நாலைந்து இடங்கள் உண்டு. டயர், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொபல்லர் ஷாஃப்ட், அதன் மூட்டான கிராஸ், கியர்பாக்ஸ், இன்ஜின். எல்லாமே ஒரே சட்டத்தில் ஏறி ஒரே இருக்கைக்கு வந்து சேர்வதால் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க முதல் சோதனைக்குக் காசே ஆகாது. காலி ரோட்டில் 75-க்குக் கொண்டுபோய், இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் போட்டு வேகத்தைத் தானாக இறங்க விட்டேன். 75, 70, 65 எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது, ஒரு துளி நடுக்கம் இல்லை. டயரோ ஷாஃப்டின் சமநிலையோ காரணம் என்றால் இப்போதும் உதறியிருக்கும். அவற்றுக்குத் தேவை வேகம் மட்டும்தான். கிராஸோ நடு பேரிங்கோ தேய்ந்த வண்டி பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் உதறும். நம்முடையது கிளம்பும்போது வெண்ணெய் மாதிரி கிளம்பும். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன்.

மிச்சம் இன்ஜினும் கியர்பாக்ஸும். இங்கே கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்றும் அல்லவா, அதே கதைதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்றாவதாக ஒரு சக்கரம், திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்தில் மடக்கி அனுப்புவதற்கு. இரண்டையும் இணைப்பது எண்ணெய் மட்டும் என்பதால்தான் சிக்னலில் காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு கியரில் நிற்க முடிகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஓடும் விசிறியைவிட ஓட்டப்படும் விசிறி எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே சுற்றும். அந்த வித்தியாசம் அவ்வளவும் சூடாகி, பெட்ரோலாகக் கரைந்து போகிறது.

அதைத் தடுக்கத்தான் லாக்-அப் கிளட்ச். கன்வெர்ட்டருக்குள்ளேயே உராய்வுப் பட்டை ஒட்டிய ஒரு தட்டு. வேகம் நிலையானவுடன் எண்ணெய் அழுத்தம் அதைக் கன்வெர்ட்டரின் உள்சுவரோடு சேர்த்து அழுத்தும். அப்போது இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே தண்டு மாதிரி சுற்றும். இதைக் கார்களில் வைத்த முன்னோடிகளில் ஒன்று 1949-இல் பேக்கார்டு கொண்டுவந்த அல்ட்ராமேட்டிக். ஆனால் 1970-களில் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோலை எண்ணி ஊற்ற வேண்டிய நிலை வந்த பிறகுதான் இது பரவியது. கிரைஸ்லர் 1978 மாடல்களிலிருந்து போட ஆரம்பித்தது. இன்று லாக்-அப் இல்லாத கன்வெர்ட்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

லாக்-அப் எப்போது விழுகிறது என்பதை வெறும் கண்ணால் பார்க்கலாம் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். நான்கு கியர் வண்டியில் ஒன்றிலிருந்து நான்கு வரை போக மூன்று மாற்றங்கள்தான், முள் மூன்று முறைதான் இறங்க வேண்டும். ஆனால் நான்காவதாக ஒரு சின்ன இறக்கம் வரும். ஓர் இருநூறு, முந்நூறு. இல்லாத ஐந்தாவது கியர் ஒன்று விழுந்த மாதிரி. அதுதான் லாக்-அப். எங்கள் வண்டியில் அந்த நான்காவது இறக்கம் 62, 63-இல் வந்தது. உதறல் அதற்குக் கொஞ்சம் தள்ளி. உதறும் நேரத்தில் முள்ளும் ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நடுங்கியது.

இனி பிரேக் சோதனை. மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன், முள்ளைப் பார்த்துச் சொல்ல. பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 70-இல் உதறல் ஆரம்பித்ததும், வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டேன். பிரேக் பிடிக்கக் கூடாது, பிரேக் லைட் எரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த சுவிட்ச் தட்டியவுடன் லாக்-அப் விட்டுவிடும்.

"மச்சான், முள்ளு எகிறுது."

"உதறல்?"

"நின்னுடுச்சு. காலை எடு... ஆ, வந்துடுச்சு. மறுபடி அமுக்கு."

நாலு முறை செய்தோம். நாலு முறையும் சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி நின்றது. ஐந்தாவது முறையும் செய்யலாம் என்றான், அவனுக்கு விளையாட்டாகிவிட்டது.

ஆக லாக்-அப் கிளட்ச்தான் என்று முடிவு கட்டினேன். இந்த முடிவில் ஓர் ஓட்டை இருந்தது, அது பின்னால் வருகிறது.

கிளட்ச் ஏன் உதறுகிறது என்று கேட்டால், பீரோ தள்ளியவர்களுக்குச் சட்டென்று புரியும். நின்ற பீரோவை அசைக்க நிறைய பலம் வேண்டும். அசைந்துவிட்டால் கொஞ்சம் போதும். அதனால்தான் அது சீராக நகராமல் டக் டக் என்று தத்தித் தத்திப் போய்த் தரையையும் கீறிவைக்கும். பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து. லாக்-அப் தட்டு பாதிப் பிடியில் இருக்கும்போது அதே தத்தல் விநாடிக்குப் பல முறை நடந்தால் அதன் பெயர் உதறல். இதைத் தடுப்பது தட்டு மட்டும் இல்லை, எண்ணெயும்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில் உராய்வைத் திருத்தும் ஒரு சேர்க்கை இருக்கும். பிடிக்கும் கணத்திற்கும் வழுக்கும் கணத்திற்கும் நடுவில் இருக்கும் அந்தப் படியை அது மழுக்கிவிடும். அப்புறம் பீரோ சீராக நகரும். சூட்டில் வருஷக்கணக்காகக் காய்ந்தால் அந்தச் சேர்க்கை செத்துப்போகும். எண்ணெய் சிவப்பாகவே தெரிந்தாலும் வேலை செய்யாது.

ஒரு கொசுறு. ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். நிஜமாகத்தான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கலப் பொருள்களைத் தடை செய்யும் வரை கியர் எண்ணெயில் அதைக் கலந்தார்கள். கடலில் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு முங்குகிற ஒரு பிராணி, சிக்னலில் நிற்கும் கார் குலுங்காமல் கிளம்புவதற்காகச் செத்திருக்கிறது. டிப்ஸ்டிக்கை இழுக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்து தொலைக்கிறது.

டிப்ஸ்டிக் என்றதும் ஒன்று. இன்ஜின் ஆயிலைப் போல அணைத்துவிட்டு அளக்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் நன்றாகச் சூடாக்கி, எல்லாக் கியரையும் ஒரு முறை போட்டு எடுத்து, பார்க்கில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே அளக்க வேண்டும். சில வண்டிகளுக்கு நியூட்ரலில். கையேட்டைப் பாருங்கள். எங்களுடையதில் அளவு சரியாக இருந்தது. ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டேன். நல்ல எண்ணெய் சிவப்பாகப் பரவும். இது மரத்தூள் நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி, மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை. நான் பயந்தது வேறொன்றுக்கு. பல வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே ஓட்டையானால் ரேடியேட்டரில் இருக்கும் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். அப்போது எண்ணெய் இளஞ்சிவப்பில் நுரைத்துக்கொண்டு பால் கலந்த மாதிரி இருக்கும். உராய்வுப் பட்டை காகித நாரால் செய்தது, பசை போட்டு ஒட்டியது. கூலன்டில் இருக்கும் தண்ணீரும் கிளைகால் என்ற ரசாயனமும் சேர்ந்து அதை உரித்தெடுத்துவிடும். அதற்கும் முதல் அறிகுறி இதே உதறல்தான். அப்படி இருந்தால் எண்ணெய் மாற்றிப் பயனில்லை, பட்டறைக்காரர் சொன்னதுதான் வழி. எங்களுக்கு அது இல்லை.

எண்ணெய் மாற்றுவது பற்றி இரண்டு கட்சி உண்டு. பழைய கியர்பாக்ஸில் புது எண்ணெய் ஊற்றினால் வழுக்க ஆரம்பித்துவிடும், தொடாதே என்பது ஒரு கட்சி. அப்படிச் செத்த கியர்பாக்ஸ்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே சாகக் கிடந்தவை, கடைசி நேரத்தில்தான் எண்ணெய்க்கு ஆள் அனுப்பினார்கள் என்பது என் எண்ணம். கியர் மாறும்போது வழுக்கல் இல்லை, ரிவர்ஸ் உடனே பிடிக்கிறது, உதறல் மட்டும்தான் என்றால் நான் மாற்றுவேன். ஆனால் மெஷினை மாட்டி அழுத்தத்தில் அலசித் தள்ளுவதற்கு நான் ஒப்பமாட்டேன். கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டான பேனைக் கழற்றி, வடிகிற அளவு வடித்து, ஃபில்டரை மாற்றி, அதே அளவு ஊற்றுவேன்.

சொல்வதற்கு எளிது. அந்தப் பேனில் வடிகால் போல்ட் கிடையாது. ஒரு மூலையில் போல்ட்டுகளைத் தளர்த்தி மெல்லச் சாய்த்து இறக்க வேண்டும் என்று தெரியும், தெரிந்தும் கடைசி இரண்டு போல்ட்டில் அவசரப்பட்டேன். முழங்கையிலிருந்து அக்குள் வரை வெதுவெதுப்பாக ஓடியது. மீதியைப் பாட்டிலில் அளந்து, சிந்தியதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்ததில் நாலரை லிட்டர். மொத்தக் கொள்ளளவு பத்து. மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் குழாயிலும் தங்கிவிடும், தலைகீழாக நின்றாலும் வராது. பேனின் அடியில் ஒட்டியிருந்த காந்தத்தைத் துடைத்துப் பார்த்தேன். மை மாதிரி சாம்பல் நிறப் பசை, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் கரகரப்பே இல்லை. அது வழக்கமான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சீவலோ பித்தளை மினுமினுப்போ இருந்தால் மூடிவைத்துவிட்டு வேறு யோசனைக்குப் போக வேண்டியதுதான்.

ஒருமுறை மாற்றினால் உள்ளே இன்னும் 55 சதவீதம் பழசு. சில நாள் ஓட்டி இன்னொரு முறை மாற்றினால் 30. மூன்றாவது முறைக்குப் பிறகு 17. எண்ணெயின் ரகத்தில் மட்டும் சமரசம் செய்யவில்லை. கையேட்டில் எந்த ரகம் போட்டிருக்கிறதோ அது, அல்லது அதற்கு மாற்று என்று அதே கம்பெனி பிறகு அறிவித்தது. எல்லா வண்டிக்கும் ஏற்றது என்று எழுதிய பாட்டிலை உதறல் இல்லாத வண்டிக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

முதல் மாற்றத்திலேயே பாதி குறைந்தது. மூன்றாவதற்குப் பிறகு 70-இல் ரம்பம் இழுப்பது நின்றே போனது. மச்சானுக்கு ஃபோன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மேட்டில், பின்னால் சுமையோடு ஏறும்போது, மறுபடியும். இது கொஞ்சம் வேறு மாதிரி. டர்ர்ர் இல்லை. டுப்... டுப்டுப்... டுப். ஒழுங்கில்லாத குத்து. எனக்கு அந்த வித்தியாசம் அப்போது காதில் ஏறவில்லை. உடனே பிரேக்கைத் தொட்டேன், நின்றது. விட்டேன், வந்தது. அவ்வளவுதான், பட்டை கண்ணாடி மாதிரி வழவழத்துப் போய்விட்டது, கன்வெர்ட்டர் மாற்ற வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதற்குக் கியர்பாக்ஸை முழுசாக இறக்க வேண்டும். இறக்குகிற கையோடு கூலர் குழாயையும் அலச வேண்டும், இல்லாவிட்டால் பழைய குப்பை புதுக் கன்வெர்ட்டருக்குள் போகும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தேன்.

காப்பாற்றியது ஒரு கையடக்க ஸ்கேனர். இரவல் வாங்கியது. ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி-2 சாக்கெட்டில், அதாவது வண்டியின் கணினியைப் படிக்கும் துளையில், செருகினேன். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, கோளாறைக் குறிக்கும் எண்ணான கோடு (code) எதுவும் பதிவாகவில்லை. லாக்-அப் சரியாகப் பிடிக்காத வண்டியில் வழக்கமாக விழும் பி0741-உம் இல்லை. கோடு இல்லையென்றால் பலர் ஸ்கேனரைக் கழற்றிவிடுவார்கள், நானும் கழற்றப் போனேன். ஓடும்போது தெரியும் எண்களில் 'டிசிசி ஸ்லிப்' என்று ஒன்று இருந்தது. இன்ஜின் சுற்றுக்கும் கியர்பாக்ஸுக்குள் போகும் சுற்றுக்கும் இருக்கும் வித்தியாசம். லாக்-அப் கிளட்ச் தத்தினால் அந்த எண்ணும் தத்த வேண்டும். 20, 80, 10, 60 என்று.

மச்சான் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டான். அதே மேடு. டுப்... டுப்டுப்.

"எவ்வளவு?"

"மூணு. அஞ்சு. நாலு."

"சரியாப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நாலு."

கிளட்ச் இம்மியும் வழுக்கவில்லை. கெட்டியாகப் பிடித்திருக்கிறது. அப்படியானால் குத்துவது இன்ஜின்.

பிரேக் சோதனையில் இருந்த ஓட்டை இதுதான். இன்ஜினில் ஒரு சிலிண்டர் எப்போதாவது எரியாமல் மிஸ் ஆனால், லாக்-அப் விட்டிருக்கும்போது அந்தக் குத்து எண்ணெயில் அமிழ்ந்துவிடும், நமக்குத் தெரியாது. லாக்-அப் பிடித்துவிட்டால் இன்ஜின் முதல் பின்சக்கரம் வரை ஒரே இரும்பு, ஒவ்வொரு குத்தும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும். மேலும், லாக்-அப்பில் இன்ஜின் குறைந்த சுற்றில் அதிகச் சுமையை இழுக்கிறது. பலவீனமான தீப்பொறி தோற்பதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஆக பிரேக்கைத் தொட்டால் உதறல் நிற்கிறது என்பதற்கு, லாக்-அப் பிடித்திருக்கும்போதுதான் தொந்தரவு வெளியே தெரிகிறது என்ற அளவுக்குத்தான் பொருள். தொந்தரவு கன்வெர்ட்டரில்தான் பிறந்தது என்று அது சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொண்டேன். பிரேக் சுவிட்ச் கோளாறாகி லாக்-அப்பை விட்டு விட்டுப் பிடிக்க வைப்பதும் உண்டு, ஆனால் அதில் ஆர்.பி.எம். முள் இருநூறு முந்நூறு ஏறி இறங்கும். மேட்டில் எங்களுடையது ஆடவில்லை.

அன்று இரவு, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டேன். துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர். ஸ்பார்க் பிளக் வயர்கள் மேல் பனி மாதிரி லேசாக, ஒவ்வொன்றாக, கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொண்டு. ஓடும் இன்ஜினில் அந்த வயர்களில் பல்லாயிரம் வோல்ட் போகும், சும்மா தொட்டுப் பார்க்கிற சமாசாரமில்லை. முதல் மூன்றில் ஒன்றுமில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் நான்காவது வயரில் ஊதாநிறத்தில் ஒரு சின்னப் பாம்பு, டிக் டிக் என்று, வயரின் தோலிலிருந்து இரும்புக்குத் தாவியது. இன்ஜினும் கூடவே தடுமாறியது. அழகாகத்தான் இருந்தது, சொல்லப்போனால்.

காலையில் இன்ஜின் ஆறியபின் அந்தப் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கோடு கிழித்த மாதிரி ஒரு கறுப்புத் தடம். தீப்பொறி உள்ளே போகாமல் பீங்கானுக்கு வெளியே வழுக்கி இறங்கிய பாதை அது. துடைத்தால் போகாது, அந்தப் பிளக் குப்பைக்குத்தான். முனையின் இடைவெளியை அளந்தால் 1.1 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1.6. ஆறு பிளக், ஆறு வயர், எல்லாம் மாற்றினேன்.

அந்த மேட்டில் இப்போது ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இரண்டு கோளாறும் சேர்ந்துதான் இருந்தனவா, எண்ணெய் உதறல் பெரிதாக இருந்ததால் பிளக்கின் குத்து அதற்குள் மறைந்திருந்ததா என்று மச்சான் கேட்டான். அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் நாள் எழுதிய குறிப்பை எடுத்துப் பார்த்தேன், "சில நேரம் சீராக இல்லை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

பேனில் கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை கழற்றும்போது காந்தத்தில் பசை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குள் வடிகால் போல்ட் வைத்த பேன் ஒன்று கிடைத்தால் நல்லது, என் சட்டைக்காகவாவது.